உமிச் சாம்பலைக் காசாக்கும்முன்

உமி, வைக்கோல் என்றாலே "இயற்கைதானே, என்ன ஆகிவிடப்போகிறது" என்ற ஒரு நினைப்பு நம் டெல்டாவில் உண்டு. ஆலையில் அரைக்கும் நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அதை பாய்லரில் எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்), அதைப் பிரித்தெடுத்து டயருக்கும் சிமெண்டுக்கும் சேர்க்கலாம். கழிவும் குறையும், காசும் வரும். சரி.

ஆனால் எரிக்கும் சூட்டில்தான் விஷயமே இருக்கிறது. 700 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் படிகமாகாத சிலிக்கா. சாம்பல் இன்னும் வெளுக்கட்டும் என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் கிறிஸ்டோபலைட் என்கிற படிக வடிவம் உருவாகும், அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசிப்பவருக்கு சிலிக்கோசிஸ் (நுரையீரலில் தழும்பேறும் நோய்), நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் ஆபத்து. சாம்பலை வாரி மூட்டை பிடிப்பவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் இருக்கும்!

இப்படியொரு திட்டத்தில் கார்பன் கணக்கை (எவ்வளவு கரியமில வாயு வெளியேறும், எவ்வளவு மிச்சமாகும் என்பதை) ஒருவர் போட்டு முடித்து, பாதுகாப்பை இன்னொருவர் கடைசியில் வந்து பார்த்தால் அதற்குள் உலையே கட்டியாகிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் பரிந்துரைத்த வழிமுறை இரண்டையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

அப்புறம் வைக்கோல் எத்தனால், அதாவது வைக்கோலிலிருந்து எடுக்கும் எரிபொருள். அமிலத்தில் வேகவைக்கும்போது ஃபர்ஃபுரால் என்ற நச்சுப்பொருளும் உண்டாகும். அந்தக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய்ச் சேரும், கோடையில் மாட்டுக்கு வைக்கோல் என்ன விலைக்குக் கிடைக்கும்? திட்ட அறிக்கையில் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கங்களைத்தான்.