யுபிஎஸ் பேட்டரியைக் கணினியிலிருந்து கண்காணித்துப் பார்த்தேன்

கரண்ட் போனால் யுபிஎஸ் கணினியைத் தாங்கிக்கொள்கிறது, சரி. நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேட்டரி தீர்வதற்குள் கணினி தானே ஷட்டவுன் ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கணினியில் ஓடுவது லினக்ஸ். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருளான நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், நிறுவினேன். இதில் மூன்று அடுக்கு உண்டு. யுபிஎஸ்ஸோடு நேரடியாகப் பேசுவது டிரைவர். அது தரும் தகவலை 3493 போர்ட்டில் மற்றவர்களுக்குக் கொடுப்பது யுபிஎஸ்டி. அதைக் கேட்டு ஷட்டவுன் முடிவை எடுப்பது யுபிஎஸ்மான். யுஎஸ்பி கேபிளை மாட்டி நட்-ஸ்கேனரை ஓட்டியதும் எந்த டிரைவர் என்று அதுவே சொல்லிவிட்டது. டிரைவருக்கு அனுமதி இல்லை என்று பிழை வந்தால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

யுபிஎஸ்சி கட்டளை கொடுத்தால் சார்ஜ், லோடு, மீதி நேரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த எண்களை நம்பலாமா?

சோதிக்க, கணினியை நேரடியாகச் சுவரிலிருந்து ஓட்டி, யுபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட அதே வாட்ஸ் அளவுக்குக் குண்டு பல்புகளை மாட்டினேன். யுஎஸ்பி கேபிள் மட்டும் கணினியில். யுபிஎஸ்மானை நிறுத்திவைத்தேன், இல்லையென்றால் சோதனை நடுவிலேயே கணினி அணைந்துவிடும். யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்காமல் சுவரிலுள்ள சுவிட்சைத்தான் அணைத்தேன். பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும்.

யுபிஎஸ்சி காட்டும் நிலை ஓஎல் (கரண்டில் ஓடுகிறது) என்பதிலிருந்து ஓபி ஆனது, அதாவது பேட்டரியில் ஓடுகிறது. சார்ஜ் கொஞ்ச நேரம் நிதானமாக இறங்கியது. பாதியைத் தாண்டியதும் சரசரவென்று சரிந்தது. முதலில் காட்டிய நேரத்தில் பாதிகூட ஓடவில்லை. எல்பி, அதாவது பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வந்த உடனேயே பல்புகள் அணைந்தன. லெட்-ஆசிட் பேட்டரிக்கு வயதானால் உள்தடை கூடும்; லோடு விழும்போது வோல்டேஜ் தொய்ந்துவிடும். சும்மா இருக்கும்போது காட்டும் 100 சதவீதத்தில் இது தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால், இந்தச் சோதனையைச் செய்யாமல் கண்காணிப்பை நம்பவே கூடாது.

அதனால் யுபிஎஸ் தரும் எல்பியை நம்புவதை விட்டேன். நட்டின் அமைப்புக் கோப்பான யுபிஎஸ்.கான்ஃபில், யுபிஎஸ் சொல்லும் எல்பியைப் புறக்கணிக்கச் சொல்லும் இக்னோர்எல்பி வரியைச் சேர்த்து, சார்ஜ் 60 சதவீதத்துக்குக் கீழே போனாலே எல்பி என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். இப்போது கணினி நிதானமாக அணைகிறது.

அப்புறம் இன்னொன்று. ஷட்டவுனின் கடைசியில் யுபிஎஸ்ஸும் தன் அவுட்புட்டை நிறுத்த வேண்டும். அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், அவுட்புட் ஒருமுறை போய் வந்தால்தான் கணினி மீண்டும் எழும். பயாஸிலும் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் வந்ததும் ஆன் ஆகும்படி அமைத்தாயிற்று.

அடுத்து, புது பேட்டரி போட்டு அதே பல்புகளோடு மறுபடி சோதித்து, அந்த 60-ஐக் குறைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன்.