இடது காதில் ஒரு சுரம்

மார்ச் 3

காதுக்குள் கேட்கும் அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

மார்ச் 4

சனிக்கிழமை போனது கடைசியாக வாசிக்கும் பேண்டுக்காகத்தான். அவர்கள் வாசித்ததில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. அவர்களுக்கு முன்னால், ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பெண் இருபத்தைந்து நிமிடம் வாசித்தாரே, அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேசையில் கையில் வைத்து விளையாடும் பழைய சாம்பல் நிற கேம் பாய் மெஷின் இரண்டு, இரண்டையும் சேர்க்கும் ஒரு கேபிள், ஒரு சின்ன மிக்ஸர். அவ்வளவுதான். ஒன்றில் ஏ பட்டன் எழுத்து முழுக்கத் தேய்ந்து வெறும் பளபளப்பாக இருந்தது, நான் அந்த அளவுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ், பேஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பல்ஸ் ஒலியை மட்டும் விட்டார், அது மேலே ஏறிக்கொண்டே போனது, பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பேர் சொன்னார். கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 6

மீட்டிங்கில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 7

காது டாக்டரிடம் 14ஆம் தேதிதான் நேரம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஏழு நாள். பகலில் பரவாயில்லை, ஃபேன் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் வந்துவிடுகிறது, மெல்லிசாக, விடாமல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நேற்று எழுந்துபோய் கீபோர்டில் அது எந்தச் சுரம் என்று தேடினேன். கடைசிக் கட்டைக்கும் மேலே இருக்கிறது.

மார்ச் 9

போஸ்டரில் பொடி எழுத்தில் நான்கு பேர் போட்டிருந்தார்கள். நான்கு பேரின் பாட்டையும் தேடிக் கேட்டுவிட்டேன், ஒருவருமே அந்தப் பெண் இல்லை. கடைசி நேரத்தில் யாருக்கோ பதிலாக ஏறியிருப்பார்.

அனமனகுச்சி பேண்டைத் தெரிந்துகொள்ள நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. 2010இல் வந்த ஸ்காட் பில்கிரிம் கேமின் இசை அவர்களுடையது, அதைக் கேட்டுத்தான் பழைய கேம் மெஷின்களில் வாசிக்கும் இந்த இசைப் பக்கமே வந்தேன். சிப்ஸெல் என்ற இசைக்கலைஞரும் அப்படித்தான், 2012இல் சூப்பர் ஹெக்ஸகன் கேம். நியூயார்க்கில் 2006இல் தொடங்கிய பிளிப் ஃபெஸ்டிவல் என்ற இதே இசை விழாவை வீடியோவில் மட்டும் பார்த்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் உயிராக நினைக்கிற பேண்ட் எல்லாம் முதல் ஆளாகவோ இரண்டாவது ஆளாகவோ மேடை ஏறி, பாதி காலியான ஹாலில் வாசித்தவர்கள்தான். அவர்களைப் பற்றி முன்கூட்டியே ஒன்றும் தெரியாது. முதல் பாட்டு நன்றாக இல்லாவிட்டாலும் போகாமல் நிற்க வேண்டும், இரண்டாவதில் திடீரென்று பிடித்துக்கொள்ளும். இதற்காகவே கதவு திறக்கும்போதே போய்விடுவேன். போனால் முன்னால்தான் நிற்பேன். ஸ்பீக்கர் பக்கத்தில்.

மார்ச் 10

அக்கா போன் பண்ணினாள். போனை வலது காதுக்கு மாற்றினேன், அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "இன்னும் ஒரு தடவை அங்கே போய் நின்னேன்னு தெரிஞ்சுது, பாரு" என்றாள். அப்புறம் அழுதாள்.

மார்ச் 11

85 டெசிபல் சத்தத்தைக் காது எட்டு மணி நேரம் தாங்குமாம். அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100க்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான். நான் நின்றது இரண்டரை மணி நேரம். காதடைப்பான் சட்டைப் பையில் இருந்தது. பையிலேயே இருந்தது.

மார்ச் 12

கிடைத்துவிட்டார்! அன்றைக்கு ஒலி பார்த்துக்கொண்டவரைப் பிடித்து, அவர் மூலமாக எழுதிக் கேட்டேன், ஒரு மணி நேரத்தில் பதில். மூன்றாவது பாட்டுக்கு இன்னும் பேர் வைக்கவில்லையாம், எங்கேயும் வெளியிடவும் இல்லையாம். கேம் பாயில் இசை அமைக்கும் எல்எஸ்டிஜே என்ற புரோகிராமில் செய்தது, அந்தக் கார்ட்ரிட்ஜில் மட்டும்தான் இருக்கிறது. அதாவது உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் பாட்டு அழிந்துவிடும். பேட்டரி எத்தனை வருஷம் பழசு என்று கேட்டேன். தெரியாது என்கிறார், இவ்வளவு நிதானமாக எப்படிச் சொல்ல முடிகிறது? தயவுசெய்து இன்றைக்கே கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துவையுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம்.

மார்ச் 14

சின்ன அறை, கனத்த கதவு. பீப் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது முடிந்து இடது வந்ததும் எது அவர்கள் விடுகிற பீப், எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. அழுத்தினேன், அழுத்தவில்லை, சும்மாவும் அழுத்தினேன். பரிசோதனைத் தாளில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் கீழே விழுந்து மறுபடி ஏறுகிறது. "கொஞ்ச நாள் பொறுத்து இன்னொரு தடவை பார்க்கலாம், அதுவரைக்கும் சத்தமான இடத்துக்குப் போகாதீங்க." என்றார் டாக்டர். சரி என்றேன்.

கேம் பாயில் இருப்பது நான்கே ஒலிச் சேனல். பல்ஸ் இரண்டு, வேவ் ஒன்று, இரைச்சல் ஒன்று. ஒரு சேனலில் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், அதனால் மூன்று சுரத்தை மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் விடுவார்கள், காது அதைச் சேர்த்து, மூன்றும் ஒன்றாக ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டாகக் கேட்டுக்கொள்ளும். இல்லாததைக் கேட்கிற காது. எனக்கு இந்த இசையில் பிடித்ததே அதுதான். வரும் வழியெல்லாம் இதே யோசனை.

மார்ச் 15

ஒன்றும் கேட்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 18

இன்று காலை எழுந்தபோது இல்லை. பல் தேய்க்கும்போது வந்துவிட்டது.

மார்ச் 20

நகல் எடுத்துவிட்டாராம். ஃபைலை எனக்கும் அனுப்பியிருக்கிறார், இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான் என்று எழுதியிருந்தார். வால்யூமைக் குறைத்துவைத்து, முதலில் வலது காதில் மட்டும். அதே பாட்டு. எல்லாம் நின்று பல்ஸ் மட்டும் ஏறும் இடம் வந்தது, ஏறி ஏறி உச்சியில் ஒரு சுரத்தில் நான்கு எண்ணும் வரைக்கும் நின்று, சட்டென்று அறுகிறது. அதற்கப்புறம் முழு அமைதி. பிறகுதான் டிரம்ஸ்.

இடது காதில் போட்டேன். அமைதி வரவில்லை. நான்கு தாண்டியும் அந்தச் சுரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 21

நாளைக்கு மறுபடி வாசிக்கிறாராம். அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 22

முதல் ஆளாக, ஆறரைக்கு. பின்சுவரை ஒட்டி நிற்பேன். அவர் வாசித்து முடித்ததும் வெளியே வந்துவிடுவேன், இருபத்தைந்து நிமிடம்தான். காதடைப்பானை வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன், உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்து. போட்டதும் வெளிச் சத்தம் எல்லாம் அடங்கி அது மட்டும் பெரிதாகக் கேட்கிறது. ஆறு ஆகப்போகிறது, செருப்பு