1.7 என்றால் எத்தனைக்கு?

போன வாரம் பர்கூரிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். பெரியம்மாவுக்குத் தெரிந்த குடும்பம். பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு செப்டம்பரில் எக்ஸ்சேஞ்சில், அதாவது மாணவர் பரிமாற்றத்தில், ஒரு வருஷம் ஜெர்மனி போகிறாள். குளிருக்கு எந்த ஜாக்கெட், புழுங்கலரிசி கிடைக்குமா, களி கிண்ட ராகி மாவு எடுத்துப் போகலாமா என்று தாள் நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே போய் எழுத வேண்டிய கோர்ஸ்வொர்க்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இரண்டு வருஷம் முன்னால் காவேரிப்பட்டணத்திலிருந்து நானும் இதே மாதிரி ஜெர்மனிக்குக் கிளம்பியபோது என் தாளிலும் இருந்திருக்காது. அவளுக்கு வாயால் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், இந்தப் பக்கத்திலிருந்து போகிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் கிரெடிட் கணக்கு. ஐரோப்பாவில் முழு வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இல்லை, படிப்பது, எழுதுவது, குழுவோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் அதில் சேர்த்தி. 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் இரண்டு மணி நேரம்தான் வகுப்பு இருக்கிறது என்று பார்த்து நான் லேசாக எடுத்துக்கொண்டேன். மீதி நூறு மணி நேரத்துக்கு மேல் நம் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்பது நவம்பரில்தான் உறைத்தது.

இதைவிடப் பெரிய அடி வேறொன்று. இங்கே பரீட்சைக் கட்டணம் கட்டினால் ஹால் டிக்கெட் வந்துவிடும். அங்கே வகுப்பில் சேர்வது வேறு, அந்தப் பாடத்தின் மதிப்பீட்டுக்குப் பதிவு செய்வது வேறு. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக, ஒரு தேதிக்குள், இணையதளத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். கட்டுரை எழுதித் தருகிற பாடமாக இருந்தாலும் சரி, பிரசன்டேஷன் செய்கிற பாடமாக இருந்தாலும் சரி. நான் ஒரு பாடத்துக்கு அதைச் செய்யவில்லை. குழுவோடு பிரசன்டேஷன் செய்து, பத்துப் பக்க ரிப்போர்ட் கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கி, கடைசியில் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமே இல்லை. அலுவலகத்தில் போய் நின்றேன், தேதி முடிந்துவிட்டது என்றார்கள். 5 கிரெடிட் போனது. அடுத்த செமஸ்டரில் 35 எடுத்து ஈடுகட்டினேன், அந்த வசந்தகாலம் முழுக்க நூலகத்தில்தான் இருந்தேன். அந்தத் தேதியை எங்களை அனுப்பிய கல்லூரியும் சொல்லவில்லை, சேர்த்துக்கொண்ட இடத்திலும் ஜெர்மன் மொழி மெயில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் போகவில்லை.

சரி, ஹவுஸ்அர்பைட்டுக்கு வருகிறேன். வீட்டு வேலை என்று நேர் அர்த்தம், ஆனால் வீட்டுப்பாடம் இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பதினைந்து பக்கம்போல எழுதும் ஆய்வுக் கட்டுரை, சில பாடங்களில் முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். கடைசிப் பக்கத்தில், இதை நானேதான் எழுதினேன், சொல்லாத எந்த உதவியும் வாங்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சப்ளை செயின் பாடத்துக்கு நான் மாங்கூழை எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் அது தெரியாத வீடு உண்டா? பெங்களூரா ரக மாங்காய்தான் கூழுக்கு அதிகம் போகிறது, கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கும் ஆலைகளில் சூடாக்கி, கிருமி நீக்கி, பெரிய பைகளில் அடைத்து டிரம்மில் வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். சீசன் இரண்டு மூன்று மாதம்தான். இவ்வளவும் கூடப் படித்த பிள்ளைகளுக்குக் கதை மாதிரி இருந்தது. முதல் வரைவில் மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசைகளை, ஒரு தொழிலில் போட்டியும் பேரபலமும் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லும் 1979-ஆம் வருஷக் கட்டுரையை, நாலு பக்கத்துக்கு விளக்கிவிட்டு, அப்புறம் எங்கள் ஊர்ச் சங்கதிகளை எழுதினேன். ஒரு டன் காயில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் கூழாகும், சீசனில் லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டும், இப்படி.

பேராசிரியரிடமிருந்து வரைவு திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல், ஐந்து இடத்தில். வோஹேர்? எங்கிருந்து?

போர்ட்டரைப் பற்றிய நாலு பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. நான் எதை என் சொந்தச் சரக்கு என்று நினைத்தேனோ அங்கேதான் கேள்வி. எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் மாந்தோப்பு இருக்கிறது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரிந்தவரைப் பேட்டி எடு, எடுத்ததைப் பின்னிணைப்பில் வை, அப்போது அது ஆதாரம் என்றார். நான் அதுவரை ஆதாரம் என்றால் அச்சில் வந்தது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மாமா ஒரு கூழ் ஆலையில் மேற்பார்வையாளர். அது பிப்ரவரி, ஆலை ஓடாத காலம், வீட்டில்தான் இருந்தார். அங்கே மாலை நாலரை, இங்கே இரவு ஒன்பது. ரெக்கார்ட் செய்யலாமா என்று முதலில் கேட்டுவிட வேண்டும், கேட்டேன். "எம் பேரு வருமா கண்ணு? ஓனரு பாத்தா?" என்றார். பேர் வராது மாமா என்றேன். அப்படித்தான் வைக்கவும் வேண்டும். பின்னிணைப்பில் அவர் 'நேர்காணல் 1, ஆலை மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்', தேதி, எத்தனை நிமிடம், அவ்வளவுதான். ஒரு பத்தியில் அவர் சொன்ன தமிழ், பக்கத்துப் பத்தியில் என் ஆங்கிலம்.

விலையைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "காய் மரத்துல இருக்கிற வரைக்கும் நம்மது. லாரி ஏறிட்டா ஆலைக்காரன் சொல்றதுதான் விலை. வரிசைல ரெண்டு நாள் நின்னா பழுத்துரும், திருப்பியா கொண்டு போக முடியும்?"

என் கட்டுரை அங்கேதான் உருவானது. விற்பவர் பலர், வாங்குபவர் சிலர், சரக்கு காத்திருக்காது, ஆகவே விற்பவரின் பேரம் பலவீனம் என்று போர்ட்டரை வைத்து யாரும் எழுதலாம். அந்தப் பலவீனம் எந்த இடத்தில், எந்த மணியில் நடக்கிறது என்றால், ஆலை வாசலில், லாரி வரிசையில். போர்ட்டரை அரைப் பக்கமாகக் குறைத்துவிட்டு, அந்த வரிசையைப் பற்றி மட்டும் எழுதினேன். அப்பா எத்தனையோ சீசன் அந்த லாரிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். அவர் ஏன் அந்த நாட்களில் யாரோடும் பேசமாட்டார் என்பது எனக்கு அந்தக் கட்டுரையை எழுதும்போதுதான் புரிந்தது.

குழு வேலை பற்றி ஒன்றே ஒன்று. மதிப்பெண் குழுவுக்குப் பொதுவா, ஆளுக்குத் தனியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஹவுஸ்அர்பைட்டுக்கு 1.7 வந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எத்தனைக்கும்மா?" என்றார். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 பெயில். விளக்கிச் சொன்னபிறகு, "அப்ப நல்ல மார்க்குதானே" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்பா கேட்டதையாவது கேட்டார். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்காமலே 1.7-ஐ அப்படியே நம் பத்துக்கு இத்தனை என்கிற மதிப்புப் புள்ளியாக ஏற்றிவிட்டார்கள், சரிசெய்ய ஒரு மாதம் நடந்தேன். ஜெர்மனிக்காரர்கள் வெளிநாட்டு மதிப்பெண்ணைத் தங்கள் அளவுக்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். நம் 10-க்கு 8.6, பாஸ் 4 என்று போட்டால் சரியாக 1.7 வரும். அந்தக் கணக்கைத் தாளில் போட்டு, கடிதத்தோடு வைத்துக் கொடுத்தபிறகுதான் திருத்தினார்கள். கிளம்பும் முன்பே, எந்த அட்டவணைப்படி மாற்றுவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பர்கூர்ப் பெண்ணிடம் அவள் எடுத்திருக்கும் பாடங்களின் கையேட்டைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த வகை மதிப்பீடு, எந்த செமஸ்டரில் நடக்கும், எந்த மொழியில் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். ஆறில் இரண்டு கோடை செமஸ்டரில் மட்டும் நடப்பவை, ஒன்று முழுக்க ஜெர்மனில். இரண்டு கல்லூரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாளில் மூன்றுமே அக்டோபருக்கு என்று இருக்கிறது. "அக்கா, இதை இப்ப மாத்தலாமா?" என்றாள். மாற்றலாம், இன்றைக்கே மெயில் போடு என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன். அனுப்பியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.