பெட்டியின் கடைசி எண்

2025 ஜூன் 9, திங்கள்

கோவில்பட்டியில் பஸ் மாறி தூத்துக்குடி வந்து இறங்கும்போது மணி பத்தரை. எட்டயபுரம் தாண்டியதிலிருந்தே காற்று முகத்தில் மண்ணை வீசிக்கொண்டு வந்தது. மூன்றாவது மைல் பக்கம் அறை. ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், நான் மூன்றாவது. பி.காம் சான்றிதழை அம்மா பழைய சேலையில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். கடலை இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

'கப்பலில் வேலை' என்ற போர்டைப் பார்த்து மாடியேறினேன். மூன்றரை லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் கப்பல் ஏற்றிவிடுவார்களாம். அறை நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறை தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவன் வேலைக்கென்று பணம் வாங்கவே கூடாது, பயிற்சிக் கட்டணம் வேறு கதை என்றார். அப்பாவுக்கு போனில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகவே கடன் கேட்கக் கிளம்பிவிடுவார்.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஐந்து கிளியரிங் ஆபீஸ், அதாவது மற்றவர்களின் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் இடங்கள். எல்லோரும் கேட்டது ஒன்றே: "பைக் இருக்கா?" இல்லை.

ஐந்தாவது இடத்தில், "டேலி பார்ப்பியா தம்பி?" என்றார்கள். மூன்று மாதம் கோர்ஸ் முடித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஆபீசே சிரித்தது. இங்கே டேலி என்றால் கணக்கு சாப்ட்வேர் இல்லை. கன்டெய்னர் வாசலில் நோட்டோடு நின்று, உள்ளே போகும் கார்ட்டன்களை எண்ணுவது!

ஜூன் 17, செவ்வாய்

பெரிய பெயரில்லாத ஆபீஸ். ஒரு தாளில் நாற்பது கன்டெய்னர் எண்கள். "இதை அடிச்சுக் காட்டு." அடித்தேன். கண்ணாடி போட்ட அண்ணாச்சி திரையைப் பார்த்தவுடன், "பதினேழாவது தப்பு" என்றார். தாளைத் தொடக்கூட இல்லை. 48 என்பதை 84 என்று மாற்றி அடித்திருக்கிறேன்.

எப்படி என்று கேட்டுவிட்டேன். உட்காரச் சொன்னார். ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஏழு எண். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைச் சொல்லும். நான்காவது பெரும்பாலும் யு. பிறகு ஆறு எண் பெட்டியின் வரிசை எண். ஏழாவது, பெட்டியின்மேல் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். அது காவல்காரன். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. முதல் இடத்துக்கு 1, அடுத்ததற்கு 2, அப்புறம் 4, 8 என்று பெருக்கிக் கூட்டி 11 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எண். மீதி 10 வந்தால் 0. இரண்டு எண் இடம் மாறினால் அநேகமாகக் கணக்கு உதைக்கும், சிஸ்டம் சிவப்பாகக் காட்டும். திரையில் சிவப்பு இருந்ததை நான்தான் பார்க்கவில்லை.

"கேள்வி கேட்டியே, அதுக்காக வா" என்றார்.

ஜூன் 23, திங்கள்

சேர்ந்தாச்சு. மாதம் 11,000. முதலில் எச் கார்டுக்கு விண்ணப்பம். கிளியரிங் ஆபீஸ் ஊழியருக்குச் சுங்கத்துறை தரும் அடையாள அட்டை அது. தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கினால்தான் சுங்கத்தில் கையெழுத்துப் போடலாம். துறைமுக வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். நானோ ஏசி அறையில் ஷிப்பிங் பில் அடிக்கிறேன், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்.

ஜூன் 29, ஞாயிறு

பழைய துறைமுகம் போனேன். சரக்குத் தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் சுமந்து, பலகைமேல் நடந்து. அங்கேயும் ஒருவர் நோட்டோடு நின்று எண்ணினார். திரும்பும்போது மக்ரூன் கால் கிலோ. அறைக்கு வருவதற்குள் பாதி காலி.

ஜூலை 3, வியாழன்

மாலை நான்கு மணிக்கு அவசர பில். சரக்கு: பேண்டேஜ் துணி, சுங்கத்தின் சரக்கு வகை எண் 3005 என்று தொடங்கும். அனுப்புநர் முகவரியைப் படித்ததும் கை நின்றுவிட்டது. சத்திரப்பட்டி. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஹாம்பர்க்.

கட்ட எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். முப்பது வருஷமாகத் தறியில் அந்தத் துணிதான் ஓட்டுகிறார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஜெர்மனிக்குப் போகுதுப்பா என்றேன். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை மீட்டர்?"

கார்ட்டன் கணக்குதான் இருக்கு என்றேன்.

"மீட்டர் கேட்டுச் சொல்லு."