நடுவர் பேசக் கூடாத நேரம்

செஸ் நடுவர் என்றால் கடிகாரத்தைப் பார்ப்பதும், ‘தொட்ட காயை ஆடணும்’ சண்டையைத் தீர்ப்பதும்தான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கடினமானது, தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பது.

குன்னூரில் ஒரு ரேட்டிங் போட்டி, அதாவது முடிவைப் பொறுத்து ஆட்டக்காரரின் தரப்புள்ளி ஏறி இறங்கும் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். இந்த 30 விநாடி உள்ள ஆட்டத்தில், நேரம் எவ்வளவு நெருக்கினாலும் கடைசிவரை நகர்வுகளை எழுதியே ஆக வேண்டும். குளிரில் விரல் விறைத்தபின் அது பெரும்பாடு. கோத்தகிரியிலிருந்து வந்த பள்ளி மாணவி ஒருத்தி வலது கையை ஊதி ஊதி எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே, அவளைவிட 200 புள்ளி கூடுதலான ஒரு வங்கி ஊழியர்.

ரூக் எண்ட்கேம், அதாவது ராஜாவும் ரூக் எனப்படும் யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம். அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். இவளோ தன் ரூக்கை ஆறாவது வரிசையை விட்டு நகர்த்தாமல் அவருடைய ராஜாவை மறித்தாள். அவரும் ரூக்கை அங்குமிங்கும் ஆடிப் பார்த்தார். திடீரென்று இவள் அடுத்த நகர்வைத் தாளில் எழுதி, காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்திக் கை தூக்கினாள்.

“சார், மூணு தடவை ஒரே பொசிஷன். டிரா கேக்குறேன்.”

கேட்ட முறை அப்பழுக்கில்லாதது. வேறு பலகையில் இரண்டு தாளையும் வைத்து ஆடிப் பார்த்தேன். முதல் தடவை அவள் ராஜா டி8 கட்டத்தில் இருந்திருக்கிறது, அதன்பின்தான் பக்கத்துக் கட்டமான இ8. ராஜா இடம் மாறினால் அது வேறு நிலை. அப்படியென்றால் இது இரண்டாவது முறை. தவறாகக் கேட்டதற்கு, விதிப்படி எதிராளிக்கு 2 நிமிடம் சேர்த்தேன். எழுதிய நகர்வை அவள் ஆடினாள்.

அடுத்த இரண்டே நகர்வில் அதே நிலை நிஜமாகவே மூன்றாவது முறை வந்தது. அவள் கேட்கவில்லை, பயந்துவிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஐந்தாவது முறை வந்தால் டிரா என்று அறிவிப்பது நடுவர் கடமை. மூன்றாவது முறை வரும்போது டிரா கேட்பது ஆட்டக்காரரின் உரிமை. அதை நான் நினைவூட்டினால், எதிரே இருப்பவர் வெற்றிக்காக இன்னும் முயலும் வாய்ப்பைப் பறித்தவனாவேன். அந்த விதி சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் நம்பினேன்.

அவர் சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். உடனே அவள் ரூக்கை முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் மேல் செக். அவருடைய ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. அவரே டிராவுக்குக் கை நீட்டினார். ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணான கே மதிப்பு அவளுக்கு 40. ஏறக்குறைய 10 புள்ளி கூடும். அவருடைய கே மதிப்பு 20. அவருக்கு 5 புள்ளி போல இறங்கும்.

“மூணாவது தடவை வந்ததைப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேம்மா.”

அவள் கோபப்படவில்லை. கடைசி பஸ்ஸுக்கு அப்பா அவசரப்படுத்தியும், ராஜாவை டி8-ல் வைத்து, பிறகு இ8-க்கு மாற்றி, எங்கிருந்து எண்ண வேண்டும் என்று என்னிடம் ஆடிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.