விளாவாத வெந்நீர்: என் ஆய்வேடு திரும்பி வந்த கதை

சமர்ப்பித்து எட்டாவது மாதம் புறத்தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்தன. ஒன்றில் முழுப் பாராட்டு. மற்றதில் பத்துப் பன்னிரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “நான்காம் இயலின் சூத்திரத்தில் இடைவினையை அறவே நீக்கினால் என்ன கிடைக்கிறது? காட்டவும்.” அதற்குக் கீழே, திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்கலாம் என்ற குறிப்பு.

அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்குக் காத்திருக்கும்போது கைபேசியில் இதைப் படித்தேன். முதலில் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இது ஒரு கேள்வியா? வீரவநல்லூர் வருவதற்குள் போட்டுவிடலாம் என்று பையிலிருந்து தாளை எடுத்தேன். சேரன்மகாதேவி போயிற்று. பேட்டை தாண்டும்போது கை நின்றுவிட்டது. அன்று முதல் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று இப்போதும் நினைவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், பகுதிநேர ஆய்வாளர். எடுத்துக்கொண்ட பொருள், ஒருபரிமாணக் கடத்திகளில் ஒன்றோடொன்று இடைவினை புரியும் எலக்ட்ரான்கள் சமநிலை குலைந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பது. ஒரு நானோமீட்டர் அளவே விட்டமுள்ள கார்பன் நானோகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எலக்ட்ரான் முன்னால் போகலாம், பின்னால் வரலாம். விலகிப் போக இடமில்லை. ஒன்றைத் தள்ளினால் வரிசை முழுவதும் அசைகிறது. அதனால் தனி எலக்ட்ரான் என்று பேசுவதைவிட, வரிசை முழுவதும் ஓடும் அடர்த்தி அலைகளைப் பற்றிப் பேசுவதே பொருத்தம். டோமொனாகா 1950இல் இந்த வழியைத் திறந்தார். லட்டிங்கர் 1963இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். அதற்கு அவர் கண்ட விடையிலேயே பிழை இருந்தது. மாட்டிஸும் லீபும் 1965இல் அதைத் திருத்தினார்கள். மாதிரிக்கு இன்றும் லட்டிங்கர் பெயர்தான். அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

இனி என் நான்காம் இயல். வெவ்வேறு மின்னழுத்தத்தில் உள்ள இரண்டு மூலங்களிலிருந்து எலக்ட்ரான்கள் கலந்து கம்பிக்குள் வருகின்றன. எந்த ஆற்றலில் எத்தனை பேர் என்று படம் போட்டால் இரண்டு படிகள் தெரியும்: கீழே முழுவதும் நிரம்பிய தளம், நடுவில் பாதி நிரம்பிய தளம், மேலே வெறுமை. இந்த இரட்டைப் படியை 1997இல் போத்தியேவும் சக ஆய்வாளர்களும் செப்புக் கம்பியில் மீக்கடத்தி முனையை வைத்து நேரடியாக அளந்தே காட்டினார்கள். குட்டையான கம்பியில் படிகள் தெளிவாக இருந்தன. நீளம் கூடியபோது மழுங்கின. செப்பில் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் ஆச்சி வெந்நீர் அண்டாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவுவது போலத்தான்: கொஞ்ச நேரத்தில் சூடும் இல்லை, குளிரும் இல்லை, ஒரே பதம்.

ஒருபரிமாணத்தில் விளாவாது. சம நிறையுள்ள இரண்டு துகள்கள் ஒரே கோட்டில் மோதினால், ஆற்றலும் உந்தமும் மாறாமல் இருக்கவேண்டும் என்பதால், திசைவேகத்தை மாற்றிக்கொள்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. அவன் சட்டை இவனுக்கு, இவன் சட்டை அவனுக்கு. கூட்டத்தில் மொத்தம் எத்தனை சட்டை, என்னென்ன நிறம் என்பது மாறவில்லை. இதை நான் முதல் இயலிலேயே எழுதியிருந்தேன். பக்கம் பதினொன்று. எழுதிவிட்டு, நான்காம் இயலில் என் சூத்திரம் இரண்டு படிகளையும் கரைத்து ஒரு வழவழப்பான சரிவைத் தந்தபோது, “சரி, இடைவினை இருக்கிறதே, விளாவியிருக்கும்” என்று நம்பிவிட்டேன். எதிர்பார்த்த முகத்தோடு விடை வந்து நின்றதால் அதை விசாரிக்கவே இல்லை.

இடைவினையைப் பூஜ்ஜியமாக்கினால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகும்; உள்ளே வந்த இரட்டைப் படி அப்படியே வெளியே வரவேண்டும். என் சூத்திரத்தில் அப்போதும் அந்தச் சரிவுதான் வந்தது. பேட்டை ஸ்டேஷனில் நான் கண்டது இதைத்தான். ஒன்றும் இல்லாத இடத்தில் என் கணக்கு தானாக வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தது.

எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆயிற்று. நெறியாளரிடம் தாளைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது என் கண்ணிலும் படவில்லையே” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் எனக்கு மரியாதை கூடிற்று. சமநிலையில் உள்ள ஒருபரிமாண எலக்ட்ரான்களுக்கு அபூர்வமான ஒரு வசதி உண்டு. ஜியலோஷின்ஸ்கியும் லார்கினும் 1974இல் காட்டியது: அடர்த்தியின் ஏற்ற இறக்கங்களில் இரண்டாம் அடுக்குக்கு (order) மேற்பட்ட தொடர்புகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். சராசரியும் விலகலும் தெரிந்தால் போதும், எல்லாம் தெரிந்த மாதிரி. சமநிலை குலைந்தால் இந்த வசதி போய்விடுகிறது. நான் அதைக் கவனிக்காமல், விலகலின் அளவை மட்டும் சமநிலை அல்லாத மதிப்புக்கு மாற்றிவிட்டு, மீதியைப் பழைய வழியிலேயே எழுதியிருந்தேன்.

மாணவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் 20 மதிப்பெண், பாதிப் பேர் 80. சராசரி 50, திட்டவிலக்கம் 30. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து மணி வடிவ வளைகோடு வரைந்தால் அதன் உச்சி 50இல் இருக்கும். 50 வாங்கியவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. இரட்டைப் படியை நான் கரைத்த விதம் இதுதான்.

திருத்த வழி ஏற்கெனவே இருந்தது. நான்தான் படிக்காமல் கடந்திருந்தேன். குட்மன், கெஃபென், மிர்லின் மூவரும் 2008 முதல் எழுதிய கட்டுரைகளில், லெவிடோவும் லெசோவிக்கும் 1993இல் மின்னூட்டத்தை எண்ணுவதற்காகத் தந்த முறையோடு சமநிலை குலைந்த இந்தக் கணக்கை இணைத்திருந்தார்கள். எலக்ட்ரானின் நடத்தை முழுவதும் ஓர் அணிக்கோவைக்குள் அடங்குகிறது. அதில் ஒரு கோணம் வருகிறது. இடைவினை இல்லாவிட்டால் அது சரியாக 2 பை (2π), அதாவது ஒரு முழுச் சுற்று.

இங்கேதான் இரண்டாவது அடி. கணினியில் அணிக்கோவையைப் போட்டேன். கோணத்தை 2 பை என்று வைத்ததும் விடை 1 என்று வந்தது. எந்த நேரத்துக்கும் 1, எந்த மின்னழுத்தத்துக்கும் 1. முழுச் சுற்று சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம் அல்லவா? கணினிக்கு அது எதுவுமே நடக்காததற்குச் சமம். மார்கழி மாதம், ஊரைச் சுற்றிப் பிசானப் பயிர் பச்சை பிடித்து நின்றது. அதிகாலைத் திருப்பாவை கேட்கும் நேரத்தில் நான் 1 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி காபியோடு வந்து, “இன்னும் அந்த ஒற்றைக் கம்பியிலேயேவா நிற்கிறாய்?” என்று கேட்டார்.

குறை எங்கே என்றால், நான் கணக்குக்காக வெட்டி எடுத்த ஆற்றல் பட்டையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டும் பொருந்தும்படி ஆற்றலோடு சீராக மாறும் ஒரு கட்டக் காரணியை (phase factor) சேர்க்கவேண்டும். அது சேர்ந்ததும் முழுச் சுற்று என்பது சும்மா இருப்பதிலிருந்து வேறாகிவிடுகிறது. நிரலில் ஒரே ஒரு வரி. ஓடவிட்டேன். இரண்டு படிகளும் திரையில் எழுந்து நின்றன. அறிக்கையின் கேள்விக்கு விடை அந்தப் படம்தான்; நான்காம் இயலின் முதல் படமாக அதையே வைத்தேன்.

பிறகு இடைவினையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கோணம் 2 பையிலிருந்து நகர்கிறது. கம்பி மூலத்தோடு சேரும் இடம் சீராக மாறினால் அந்தக் கோணம் ஒரே துடிப்பாக வருகிறது. வெட்டென்று மாறினால் அலை முட்டித் திரும்பித் திரும்பி, பின்ன மின்னூட்டங்களாக ஒரு துடிப்புத் தொடரே வருகிறது. படிகளின் ஓரம் மழுங்குகிறது. ஆனால் வடிவம் எந்த ஒரு வெப்பநிலைக்கும் உரிய வளைகோடாக மாறுவதில்லை. என் பழைய இயலின் முடிவுரைக்கு நேர் எதிர் இது. அந்த முடிவுரையை அழித்த மாலை மனம் லேசாக இருந்தது.

மறுசமர்ப்பிப்பின் அலுவலகப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மறுபடி கட்டணம், மறுபடி ஒப்புமைச் சோதனை, மறுபடி ஐந்து பிரதி. ஒப்புமைச் சோதனை, என் பழைய ஆய்வேட்டிலிருந்தே நான் எடுத்துவிட்டதாகச் சொன்னது. அதற்கு ஒரு விளக்கக் கடிதம்.

பொது வாய்மொழித் தேர்வுக்கு அதே தேர்வாளர்தான் வந்தார். கண்டிப்பானவராக இருப்பார் என்று பயந்திருந்தேன். மெல்லிய குரலில் பேசும், நிறையச் சிரிக்கும் மனிதர். மாணவர் ஒருவர் எழுந்து, விளாவாமல் இருப்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். 2006இல் கினோஷிடாவும் சகாக்களும் ரூபிடியம் அணுக்களை ஒருபரிமாணக் குழல்களில் அடைத்து ஒன்றோடொன்று மோதவிட்டதையும், ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் அவை சமநிலைக்கு வராததையும் சொன்னேன். எலக்ட்ரானுக்கு என்றால், 2009இல் சில மைக்ரான் நீள நானோகுழாய்களில் அளந்திருக்கிறார்கள். தாழ்ந்த வெப்பநிலையில் ஆற்றலை அதிகம் பகிர்ந்துகொள்ளவில்லை, ஆனால் 1.5 கெல்வினுக்கு ஏற்றியதுமே பகிர்வு கணிசமாகக் கூடிவிட்டது. “அப்படியானால் உங்கள் கம்பியும் ஒருநாள் விளாவும்?” என்றார் தேர்வாளர். விளாவும் என்றேன். என் மாதிரியில் எல்லா அலைகளுக்கும் ஒரே வேகம். உண்மைக் கம்பியில் ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள தொடர்பு சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் மெதுவாக வேலையைச் செய்யும்.

தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவர் நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. நானும் நெறியாளரும் ஜங்ஷனுக்குப் போய் வழியனுப்பினோம். பெட்டியில் ஏறி, இருக்கையைத் தேடிப் பையை வைத்துவிட்டு, மறுபடி வாசலுக்கு வந்தார். “அந்த நடுத் தளம் சரிபாதியாக இல்லாமல் பத்தில் ஒரு பங்காக இருந்தால், ஓரங்கள் இரண்டும் ஒரே மாதிரி மழுங்குமா?” என்றார்.

ரயில் நகர்ந்துவிட்டது. நெறியாளர் என்னைப் பார்த்தார். அந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்திருக்கவில்லை.