வாடிப்போன ஒட்டு மாங்கன்றைத் தேற்றிய அனுபவம்

அக்கா வீட்டுக் கொல்லையில் நட்ட இமாம்பசந்த் ஒட்டுக்கன்று, ஐப்பசி மழை முடிவதற்குள்ளேயே தொய்ந்துவிட்டது. ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, நல்ல களிமண் பூமி. நெல்லுக்கு அந்த மண்ணை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் மாங்கன்றுக்கு அதில் முதல் வருடத்தைத் தாண்டுவது பெரும்பாடு. ஆவணியில் புதுமனை புகுவிழா முடிந்த கையோடு, தோட்டவேலைக்கு வந்த ஒருவர் நட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது பாதி இலைகள் நுனி கருகி இருந்தன, மீதி மடிந்து தொங்கின. புதுத் துளிர் ஒன்றுகூட இல்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் எதையாவது கொடுக்கத்தான் சொன்னார்கள். ஒரு பிடி யூரியா போடு, மீன் அமிலம் ஊற்று, சாணியைக் கரைத்து விடு. வாடியிருக்கிறதே என்று அக்கா மழை நாளிலும் மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும், "தம்பி, மண்ணைத் தோண்டிப் பாக்காம இனி எதையும் ஊத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார். வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவர். அந்த ஒரு பேச்சுதான் கன்றைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்த்தோம். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையாக, ஈரமாகத் தெரிய வேண்டும். நுனிக்கிளை ஒன்று காய்ந்து பழுப்பாகிவிட்டது. அதற்குக் கீழே முழுவதும் பச்சை. சரி, பிழைக்க வழி இருக்கிறது.

அப்புறம் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையால் மெதுவாகத் தோண்டினேன். நாலு விரல் ஆழத்திலேயே மண் கொழகொழவென்று உருண்டை பிடித்தது. அழுகிய வாடையும் அடித்தது. வாடிய செடி என்றால் தண்ணீர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மண்ணின் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்று இல்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே இலை வாடும். மண் காய்ந்து இலை தொங்கினால் தண்ணீர் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் கோளாறு வேரில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஊற்றும் ஒவ்வொரு குடமும் கன்றுக்குக் கேடுதான்.

நட்டுச் சில மாதமே ஆன கன்று என்பதால் தோண்டி எடுக்கத் துணிந்தோம். வேரூன்றிய மரம் என்றால் கை வைத்திருக்க மாட்டேன். மழை ஓய்ந்த ஒரு மாலையில் மண்கட்டியோடு தூக்கிப் பார்த்தால், நாற்றங்கால் கறுப்புப் பை அப்படியே இருந்தது! அடியை மட்டும் கீறிவிட்டுக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். பைக்குள் சல்லிவேர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. நல்ல வேர் வெளிறிய நிறத்தில், உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும். அடிப்பகுதியில் பாதி வேர் அப்படித்தான் இருந்தது. குழிக்குள் மணலும் தொழுஉரமும் நிறையப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் களிமண், நடுவில் மட்டும் பொலபொலப்பான மண் என்றால் அந்தக் குழி ஒரு சட்டி மாதிரிதான். பெய்கிற மழையெல்லாம் அதில் தேங்கி, வெளியேற வழியில்லாமல் நிற்கும். கட்டுமானத்தில் மிஞ்சிய சிமெண்ட் கட்டிகள் வேறு கிடந்தன. அவற்றையும் பொறுக்கி எடுத்தோம்.

பையைக் கிழித்து எறிந்தோம். அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டினோம். சுருண்ட வேர்களை விரலால் பிரித்து வெளிப்பக்கம் நீட்டிவிட்டோம். பழைய குழியை அந்த இடத்துக் களிமண்ணாலேயே மூடி மிதித்துவிட்டு, அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு அகலமான மேடு எழுப்பி, கன்றை அதன் உச்சியில் நட்டோம். மேட்டு மண்ணில் கொஞ்சம் மக்கிய தொழுஉரமும், அதில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடியும் மட்டும் சேர்த்தோம். இது வேரழுகல் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம், பொடியாகக் கிடைக்கிறது. இதைப் போட்ட இடத்தில் தாமிரம் கலந்த பூஞ்சாண மருந்து ஊற்றாமல் இருப்பது நல்லது, அது இதையும் பாதிக்கலாம்.

ஒட்டுப் போட்ட இடம் முன்பு மண்ணுக்குள் புதைந்திருந்தது. இந்த முறை தரைக்கு மேலே அரை அடி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஒட்டில் சுற்றிய பாலித்தீன் நாடாவையும் யாரும் அவிழ்க்கவில்லை. அது பட்டையில் பதிந்து, மேலே கொஞ்சம் வீங்கியிருந்தது. பிளேடால் நெடுக்கே கீறி உரித்தேன். புதிதாகக் கன்று நட்டவர்கள் இந்த ஒன்றையாவது இன்றே போய்ப் பாருங்கள். ஒட்டு நன்றாகக் கூடியபின் அந்த நாடாவால் பயன் இல்லை, தண்டு பருக்கும்போது அதன் கழுத்தை இறுக்கும்.

மேற்குப் பக்கம் தென்னங்கீற்றை நிறுத்தி வெயிலை மறைத்தோம். மேட்டின்மேல் வைக்கோல் மூடாக்கு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. உரம் எதுவும் இல்லை. வெட்டுப்பட்ட வேருக்கு யூரியா போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். தண்ணீரும், மண்ணை இரண்டு அங்குலம் கிளறிப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டுமே, அதுவும் தண்டிலிருந்து தள்ளி வட்டமாக.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் கஷ்டம். மார்கழி முழுக்க ஒரு அசைவும் இல்லை. மா எப்போதும் விட்டுவிட்டுத்தான் வளரும். ஒரு சுற்றுத் தளிர் விடும், பிறகு சும்மா நிற்கும். அந்த ஓய்வு நாளில் அக்காவுக்குக் கை பரபரத்தது. தொலைபேசியில் தினமும் "ஏதாவது ஊத்தட்டுமாடா?" என்பாள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினேன்.

தையில் அசைந்தது, ஆனால் இரண்டு விதமாக. ஒட்டுக்குக் கீழே, கொட்டையில் முளைத்த வேர்ச்செடியிலிருந்து ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பியது. பச்சை பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அது இமாம்பசந்த் அல்ல, யாரோ போட்ட கொட்டை. விட்டுவைத்தால் மேலே இருக்கும் நல்ல கிளையைப் பட்டினி போட்டுவிடும். கிள்ளிவிட்டோம். அதே சமயம் மேலே ஒரு பூங்கொத்தும் வந்தது. நலிந்த ஒட்டுக்கன்று இப்படிப் பூப்பது புதிதல்ல. பழம் தந்த மரத்துக் கிளையைத்தானே மேலே ஒட்டியிருக்கிறார்கள். பூவைக் கிள்ள அக்காவுக்கு மனசே வரவில்லை. நான்தான் கிள்ளினேன். இலையே இல்லாத கன்று காய்க்கு எங்கிருந்து சோறு போடும்?

மாசியில் செம்புநிறத்தில் தளிர் வந்தது. மாந்தளிர் முதலில் மெத்தென்று தொங்கத்தான் செய்யும், வாடிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அக்காவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பச்சையாகி முற்றியதும் தானாக நிமிரும்.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு காலையில் பார்த்தால் இளம் இலைகள் கத்தரிக்கோலால் நறுக்கியது போலத் தரையில் கிடந்தன, கன்றில் இலையின் அடித்துண்டு மட்டும். இலை வெட்டும் கூன்வண்டின் வேலை. இலையில் முட்டை வைத்துவிட்டு அதை வெட்டித் தள்ளும். புழு அந்த இலையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் விழுந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி எரிப்பதுதான் முதல் வைத்தியம். கூடவே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தோம். தப்பிய இலைகள் முற்றிப் பச்சையானதும்தான் முதல்முறையாகச் சத்து கொடுத்தோம்: லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம், இலைமேல் தெளிப்பாக.

சித்திரை வெயிலைக் கீற்று மறைப்போடு தாண்டியது. ஆடியில் அடுத்த சுற்றுத் தளிர், முன்பைவிட நீளமாக, ஒரே நேரத்தில் மூன்று கிளையில். காற்றுக்கு ஆடாமல் இருக்க மூங்கில் குச்சி நட்டு, துணியால் 8 வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டியிருக்கிறோம். இந்த ஐப்பசிக்குள் மேட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, வேலியோரப் பள்ளத்தில் சேர்த்துவிட வேண்டும். பூ வந்தால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கிள்ளத்தான் வேண்டும். இந்தத் தை பூவைத் தானே கிள்ளுவதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.